டஞ்சன் மாஸ்டர் (1987): காத்திருக்காத நிலவறை

டஞ்சன் மாஸ்டர் என்பது 1987ஆம் ஆண்டு டிசம்பரில் அட்டாரி எஸ்டி கணினிக்காக வெளிவந்த ஒரு கற்பனையுலகக் கணினி விளையாட்டு ஆகும். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இயங்கிய எஃப்டிஎல் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் இதை உருவாக்கியது. நான்கு வீரர்கள் அடங்கிய குழுவை ஆட்டக்காரர் ஒருவரே வழிநடத்திப் பதினான்கு அடுக்குகள் கொண்ட நிலவறைக்குள் இறங்க வேண்டும். அரக்கர்களை எதிர்த்தும் புதிர்களை அவிழ்த்தும் அடித்தளம்வரை செல்ல வேண்டும்.

இன்று கடைகளில் கிடைக்கும் பளபளப்பான விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இதன் படங்கள் எளியவை. ஆயினும், குழுவாக ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. அதுவரை இத்தகைய விளையாட்டுகளில் எண்களும் அட்டவணைகளும் ஆட்சி செய்தன. ஆட்டக்காரர் யோசித்து முடிக்கும்வரை அரக்கனும் காத்திருப்பான். டஞ்சன் மாஸ்டரில் அரக்கன் காத்திருப்பதில்லை. கண்ணால் பார்த்து, கையால் செய்து, செய்யச் செய்யத் தேர்ச்சி பெறுவதே இதன் அடிப்படை. இந்த மாற்றம் எப்படி வந்தது, அதன் பின்விளைவுகள் யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மேசையிலிருந்து கணினிக்கு

பாத்திரமேற்பு விளையாட்டின் தொடக்கம் கணினியில் அன்று, மேசையில்தான். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். நண்பர்கள் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் மருத்துவம் தெரிந்த பூசாரி என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். கதையை நடத்தி, பகடை விழும் எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவருக்கு ‘டஞ்சன் மாஸ்டர்’ என்று பெயர். நாம் பேசும் கணினி விளையாட்டுக்குப் பெயர் வந்தது இங்கிருந்துதான். நடத்துநரின் வேலையைக் கணினியே எடுத்துக்கொண்டது என்பதே பெயரின் பொருள்.

மேசை விளையாட்டைக் கணினிக்குக் கொண்டுவரும் முயற்சிகள் 1970களின் நடுப்பகுதியிலேயே பல்கலைக்கழகக் கணினிகளில் தொடங்கிவிட்டன. 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த ‘விசார்ட்ரி’ அவற்றுள் பெரும் பெயர் பெற்றது. ராபர்ட் உட்ஹெட், ஆண்ட்ரூ கிரீன்பெர்க் ஆகியோர் இதை எழுதினர். ஆறு பேர் வரை கொண்ட குழு, கோடுகளால் மட்டும் வரையப்பட்ட நிலவறைச் சுவர்கள், எழுத்தில் நடக்கும் சண்டை என்பன இதன் இயல்புகள். 1983இல் ரிச்சர்ட் கேரியட்டின் ‘அல்டிமா’ வரிசையின் மூன்றாம் பகுதி நால்வர் குழுவை அறிமுகம் செய்தது. 1985இல் ‘பார்ட்ஸ் டேல்’ வண்ணப் படங்களைச் சேர்த்தது.

இவை யாவும் முறைவைத்து ஆடுபவை. யார் யாரைத் தாக்க வேண்டும் என்று ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுத்து முடித்த பிறகே கணினி அந்தச் சுற்றின் விளைவைச் சொல்லும். மேசையில் பகடை உருட்டிய பழக்கம் அப்படியே திரைக்கு வந்திருந்தது. மேசையில் அது தேவை. ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசினால் நடத்துநர் திணறிப்போவார். ஆனால் கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நேரம் தானாக ஓடும் நிலவறைகள் அதற்கு முன் இல்லாமலும் இல்லை. 1982இல் வந்த ‘டஞ்சன்ஸ் ஆஃப் டாகோராத்’ அவற்றுள் ஒன்று. ஆனால் அதில் செல்பவன் ஒற்றை வீரன். ஓடும் நேரத்தையும் குழுவையும் ஒன்றாக இணைத்துப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசேர்த்ததே டஞ்சன் மாஸ்டரின் சாதனை.

உருவான வரலாறு

டக் பெல், ஆண்டி ஜாரோஸ் ஆகிய இரு இளைஞர்கள் 1980களின் தொடக்கத்தில் ‘கிரிஸ்டல் டிராகன்’ என்ற பெயரில் ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு விளையாட்டை எழுதத் தொடங்கினர். பெல் நிரல் எழுதுபவர், ஜாரோஸ் ஓவியர். கைப்பணம் தீர்ந்துபோனதால் வேலை பாதியில் நின்றது. 1983இல் இருவரும் வேய்ன் ஹோல்டர் நடத்திவந்த சாஃப்ட்வேர் ஹெவன் நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவான எஃப்டிஎல்லில் சேர்ந்தனர். எஃப்டிஎல் என்பது ‘ஒளியைவிட வேகமாக’ என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்.

அந்நிறுவனம் அப்போது விண்வெளி வணிகத்தைப் பற்றிய ‘சன்டாக்’ என்ற விளையாட்டில் மும்முரமாக இருந்தது. 1984இல் அது வெளிவந்தது. பிறகே பழைய நிலவறைக் கனவு மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. இதற்கிடையில் 1985இல் அட்டாரி எஸ்டி சந்தைக்கு வந்திருந்தது. 512 கிலோபைட் நினைவகம், 16 வண்ணங்கள், மவுஸ் ஆகியவை அக்கணினியில் இருந்தன. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அந்த நினைவகத்தைவிடப் பெரியது. ஆனால் பழைய ஆப்பிள் கணினியோடு ஒப்பிட்டால் அது பெரும் பாய்ச்சல். விளையாட்டு சி மொழியில் புதிதாக எழுதப்பட்டது. டென்னிஸ் வாக்கர், மைக் நியூட்டன் ஆகியோரும் நிரல் வேலையில் பங்குகொண்டனர். விளையாட்டுடன் வந்த கையேட்டின் கதையை ஹோல்டரின் மனைவியும் எழுத்தாளருமான நான்சி ஹோல்டர் எழுதினார்.

பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1987 டிசம்பரில், ஒரே ஒரு ஃபிளாப்பி வட்டில் டஞ்சன் மாஸ்டர் வெளிவந்தது.

கண்ணாடிக் கூடமும் நால்வர் குழுவும்

விளையாட்டின் முதல் அடுக்கு வீரர்களின் கூடம். சுவர்களில் கண்ணாடிகள் பதிந்திருக்கும். ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் முன்பு அந்த நிலவறையில் உயிர்விட்ட ஒரு வீரர் அடைபட்டிருக்கிறார். மொத்தம் 24 பேர். அவர்களுள் நால்வர் வரை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கலாம்.

ஹால்க் என்ற முரட்டு வீரனுக்கு உடல்வலிமை மிகுதி. மந்திர ஆற்றலோ சுழியம். மோஃபஸ் நோய் தீர்ப்பவர். வூஃப் நாய்முகம் கொண்ட சிறிய உயிர். ஹிஸ்ஸா பல்லியினத்தைச் சேர்ந்தவர். சைரா, சோன்யா, லெய்லா, அஸிஸி எனப் பெண் வீரர்களும் உண்டு. ஒவ்வொருவரையும் அப்படியே உயிர்ப்பிக்கலாம்; அல்லது மறுபிறப்புக் கொடுக்கலாம். மறுபிறப்பில் பழைய தேர்ச்சி அழிந்துபோகும். அதற்கு ஈடாக உடல் உள்ளத் திறன்கள் கூடும். புதுப் பெயரும் சூட்டலாம்.

குழு எப்போதும் இருவர் முன்னும் இருவர் பின்னுமாக நடக்கும். வாளும் கோடரியும் முன்வரிசையில் இருப்பவர்களுக்கே பயன்படும். பின்வரிசையினர் அம்பு எய்யலாம், பொருள்களை எறியலாம், மந்திரம் சொல்லலாம். ஓர் அரக்கன் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வந்தால் மெலிந்த மந்திரவாதிதான் முதலில் அடிபடுவார். ஆகவே யாரை எங்கே நிறுத்துவது என்பதே ஒரு கலை.

ஒருவர் இறந்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடாது. அவருடைய எலும்புகளை எடுத்துச் சென்று, நிலவறையில் ஆங்காங்கே உள்ள ‘வி’ என்னும் பீடத்தில் வைத்தால் உயிர் மீளும். ஆனால் பீடம் அருகில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மூவரோ இருவரோ எஞ்சி, தோழரின் எலும்புகளையும் அவர் விட்டுச்சென்ற பொருள்களையும் சுமந்துகொண்டு வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். குழு என்றால் என்ன என்பதை விளக்கவுரை எதுவுமின்றி உணர்த்தும் விதி இது.

நேரம் என்னும் எதிரி

டஞ்சன் மாஸ்டரின் உலகம் சதுரக் கட்டங்களால் ஆனது. குழு ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்கு நகரும். நான்கு திசைகளில் மட்டுமே திரும்பும். இது பழைய விளையாட்டுகளில் இருந்ததே. ஆட்டக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும் உலகம் இயங்கிக்கொண்டிருப்பதுதான் புதிது. தீப்பந்தம் எரிந்து மங்குகிறது. வீரர்களுக்குப் பசி எடுக்கிறது, தாகம் எடுக்கிறது. அடைத்த கதவுக்கு அப்பால் ஏதோ நடமாடும் ஓசை கேட்கிறது.

உணவுக்கும் நீருக்கும் தனித்தனி அளவுகோல்கள் உண்டு. ஆப்பிள், சோளக்கதிர், ரொட்டி, பாலாடைக்கட்டி ஆகியவை நிலவறையில் கிடைக்கும். அலறிக் காளான்கள் என்று சொல்லத்தக்க சில உயிரினங்களைக் கொன்றால் அவையும் உணவாகும். நீரூற்றுகளில் தோல்பையை நிரப்பிக்கொள்ளலாம். தூங்கினால் களைப்பும் காயமும் ஆறும்; ஆனால் தூக்கத்தில் அரக்கன் வந்து தாக்கவும் கூடும். கடை கிடையாது, ஊர் கிடையாது. கிடைத்ததைச் சிக்கனமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அளவுக்கு மீறிச் சுமந்தால் நடை தளரும்.

சண்டையும் இப்படியே. வாள் உள்ள கையை மவுஸால் தொட்டால் வெட்டு, குத்து போன்ற செயல்கள் பட்டியலாக வரும். ஒன்றைத் தேர்ந்தால் வீச்சு நடக்கும். அடுத்த வீச்சுக்குக் கை மீள்வதற்குச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில் பக்கத்துக் கட்டத்திற்கு ஒதுங்கிவிட்டால் அரக்கனின் அடி வெறுங்காற்றில் போகும். அடித்து ஒதுங்கி, திரும்பி அடித்து ஒதுங்கும் இந்த முறையை ஆட்டக்காரர்கள் தாங்களாகவே கண்டறிந்தனர்.

பொறிகளையும் ஆயுதமாக்கலாம். மேலிருந்து இறங்கும் கதவின் கீழ் அரக்கன் நிற்கும்போது பொத்தானை அழுத்தினால் கதவு அவன் தலையில் இறங்கும். தரையில் உள்ள அழுத்துபலகையின் மேல் ஒரு பொருளை வைத்தால் கதவு திறந்தே இருக்கும். பள்ளத்தைத் தாண்டி ஒரு பொருளை எறிந்து அப்பாலுள்ள பலகையை அழுத்தலாம். புதிருக்கான விடையை எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை; கையாலேயே செய்து பார்க்கலாம். கிக்லர் என்னும் குறும்பு உயிர் வீரர்களின் கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு ஓடும். துரத்திப் பிடித்தால்தான் பொருள் திரும்பக் கிடைக்கும்.

வரைபடமும் விளையாட்டுக்குள் இல்லை. கட்டமிட்ட தாளில் ஆட்டக்காரரே வரைந்துகொள்ள வேண்டும். ஓசையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1988இல் வந்த அமிகா கணினிப் பதிப்பில், ஓசை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை இரு ஒலிபெருக்கிகள் வழியே பிரித்தறிய முடிந்தது. காதும் ஒரு கருவியாயிற்று.

செய்து கற்றல்

மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி இது. அன்றைய பாத்திரமேற்பு விளையாட்டுகளில் அரக்கனைக் கொன்றால் அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். போதிய புள்ளிகள் சேர்ந்ததும் வீரர் அடுத்த நிலைக்கு உயர்வார். மந்திரவாதி சண்டையில் ஒன்றுமே செய்யாமல் நின்றிருந்தாலும் புள்ளியில் அவருக்கும் பங்கு உண்டு.

டஞ்சன் மாஸ்டரில் போர்வீரர், நிஞ்சா, பூசாரி, மந்திரவாதி என்னும் நான்கு துறைகள் உள்ளன. எந்த வீரரும் எந்தத் துறையிலும் பயிலலாம். வாள் வீசினால் போர்வீரர் துறையில் தேர்ச்சி கூடும். கத்தி எறிந்தாலும் அம்பு எய்தாலும் வெறுங்கையால் அடித்தாலும் நிஞ்சா துறையில் கூடும். மருந்து காய்ச்சினால் பூசாரி துறை. தீயையும் ஒளியையும் வரவழைத்தால் மந்திரவாதி துறை. செய்யாததில் தேர்ச்சி வராது. தொடக்கநிலையிலிருந்து பயிலுநர், கைவினைஞர், வல்லுநர் எனப் படிப்படியாக உயர்ந்து இறுதியில் ஆசான் நிலையை எட்ட வேண்டும். ஹால்க்கைப் போன்ற ஒரு முரடரையும், மந்திரக் கோல் முதலிய பொருள்களால் அவருக்குச் சிறிது ஆற்றல் கிடைத்தால், மெல்ல மெல்ல மந்திரம் பழக்க முடியும்.

ஒரு மந்திரம் தவறிப்போனால், இன்னாருக்கு இந்த மந்திரத்தில் இன்னும் பயிற்சி வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி திரையின் அடியில் தோன்றும். ‘தோற்றாய்’ என்று அது சொல்வதில்லை. வகுப்பறையில் பல ஆண்டுகள் கழித்தவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரியும். தவறிய முயற்சியையும் பயிற்சியின் கணக்கில் வைப்பது நல்ல ஆசிரியரின் வழி. கணினி விளையாட்டு ஒன்று 1987லேயே அவ்வழியில் அமைந்திருந்தது வியப்பூட்டுகிறது.

எழுத்துகளால் ஆன மந்திரம்

மந்திரம் சொல்லும் முறையும் இதே நோக்கில் அமைந்ததே. மந்திரங்களின் பட்டியல் எங்கும் தரப்படுவதில்லை. அதற்குப் பதிலாக 24 குறியீட்டெழுத்துகள் உள்ளன. அவை நான்கு வரிசைகளில் வரிசைக்கு ஆறாக அமைந்தவை. முதல் வரிசை வலிமையைக் குறிக்கும். இரண்டாவது நெருப்பு, காற்று போன்ற இயற்கை ஆற்றலையும், மூன்றாவது மந்திரம் கொள்ளும் வடிவத்தையும், நான்காவது அதன் சார்பையும் குறிக்கும்.

எடுத்துக்காட்டாக, ‘ஃபுல்’ என்பது நெருப்பின் எழுத்து. வலிமையெழுத்து ஒன்றை அடுத்து ஃபுல் சேர்த்தால் தீப்பந்தம் போன்ற வெளிச்சம் வரும். அதனுடன் பறத்தலைக் குறிக்கும் ‘இர்’ சேர்த்தால் தீப்பந்து பாயும். கையில் காலிக் குப்பியை வைத்துக்கொண்டு வலிமையெழுத்துடன் ‘வி’ சேர்த்தால் காயம் ஆற்றும் மருந்து கிடைக்கும். வலிமை கூடக் கூட ஆற்றலும் மிகுதியாகச் செலவாகும். சொல்பவருக்குத் தேர்ச்சியும் மிகுதியாக வேண்டும்.

எழுத்துகளைக் கூட்டிச் சொல் அமைப்பதைப் போலவே இங்கே மந்திரம் அமைகிறது. எழுத்தின் பொருள் தெரிந்தவர் புதிய சேர்க்கைகளைத் தாமே ஊகித்துப் பார்க்கலாம். சில சேர்க்கைகள் நிலவறையில் கிடைக்கும் ஓலைச்சுருள்களில் எழுதப்பட்டிருக்கும். ஆயினும் எதிரே அரக்கன் நெருங்கும்போது எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு மந்திரத்தை முடிக்க வேண்டும். அறிவோடு கைப்பழக்கமும் வேண்டும் என்பது இங்கும் பொருந்தும்.

கதையும் அதன் திருப்பமும்

கதைச்சுருக்கம் இது. சாம்பல் பிரபு என்னும் பெரும் மந்திரவாதி ஓர் ஆற்றல் மணியை வெளிக்கொணர முயல்கிறார். முயற்சி பிசகுகிறது. அவர் இரண்டாகப் பிளவுபடுகிறார். ஒருவர் ஒழுங்கின் தலைவர். மற்றவர் குழப்பத்தின் தலைவர். குழப்பத்தலைவன் நிலவறையைக் கைப்பற்றி உலகைச் சீர்குலைக்கிறான். உடலை இழந்து ஆவியாக அலையும் மாணவன் தெரானிடம், வீரர்களை வழிநடத்தித் தீக்கோலை மீட்டுவரும்படி ஒழுங்குத்தலைவர் கட்டளையிடுகிறார். அந்தத் தெரான்தான் ஆட்டக்காரர்.

நல்லவருக்கும் தீயவனுக்கும் இடையே நடக்கும் பழகிய கதை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தீக்கோலை எடுத்து அப்படியே ஒழுங்குத்தலைவரிடம் கொண்டுபோகிறவர்களுக்கு நல்ல முடிவு கிடைப்பதில்லை. ஒழுங்கு மட்டுமே நிறைந்த உலகமும் உயிரற்ற உலகமே. ஆற்றல் மணியை விடுவித்துக் கோலுடன் பொருத்த வேண்டும். அக்கோலால் குழப்பத்தலைவனைச் சுற்றி அடைப்பு எழுப்பி, அவனை ஒழுங்குடன் இணைக்க வேண்டும். பிளவுண்ட இருவரும் ஒருவராகும்போதுதான் உண்மையான முடிவு.

ஆக, கடைசி எதிரியைக் கொல்வது விடையன்று, சேர்ப்பதே விடை. கொடுக்கப்பட்ட கட்டளையை ஆட்டக்காரர் கேள்வி கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்த விளையாட்டுகள் அந்நாளில் அரிது.

வரவேற்பும் நகலெடுப்புத் தடையும்

அட்டாரி எஸ்டியில் மிகுதியாக விற்ற விளையாட்டாக டஞ்சன் மாஸ்டர் சொல்லப்படுகிறது. வெளிவந்த முதலாண்டிலேயே 40,000 படிகள் விற்றதாகக் குறிப்பிடுவர். அமிகா பதிப்புக்கு ஒரு மெகாபைட் நினைவகம் தேவைப்பட்டது. இந்த ஒரு விளையாட்டுக்காகவே கூடுதல் நினைவகம் வாங்கியோர் பலர். பின்னர் ஆப்பிள் 2ஜிஎஸ், ஐபிஎம் வகைக் கணினிகள், சூப்பர் நின்டெண்டோ, ஜப்பானியக் கணினிகள் எனப் பலவற்றுக்கும் இது சென்றது.

அக்காலத்தில் ஃபிளாப்பி வட்டுகளை அனுமதியின்றிப் படியெடுத்துப் பரப்புவது பெரும் சிக்கலாக இருந்தது. சிறு நிறுவனங்களின் பிழைப்பையே அது பாதித்தது. எஃப்டிஎல் இதற்கு ஒரு நுட்பமான தடையைக் கையாண்டது. வட்டின் ஒரு பகுதியில் 0, 1 இரண்டுக்கும் நடுவே தடுமாறும் வகையில் சில பிட்டுகள் பதியப்பட்டன. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அவை வேறுவேறு விடை தரும். சாதாரணக் கணினியில் படியெடுத்தால் அவை நிலையான எண்களாக மாறிவிடும். படிக்கும்போதெல்லாம் ஒரே விடை வந்தால் அது போலி வட்டு என்று நிரல் கண்டுகொள்ளும். இந்தச் சோதனையும் ஓரிடத்தில் மட்டும் இல்லை. நிரலின் பல பகுதிகளில் ஒளிந்திருந்தது. தடையை உடைத்துவிட்டோம் என்று எண்ணியவர்களுக்கு ஆட்டத்தின் நடுவில் திடீரென வேலை நின்றுபோகும். நெடுநாள் வரை இதை முழுமையாக உடைக்க முடியவில்லை.

உழைத்தவர்களுக்கு உரிய பயன் கிடைக்க இத்தடை உதவியது. ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

தொடர்ச்சிகளும் பின்வந்தோரும்

1989இல் ‘கேயாஸ் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ என்ற தொடர்ச்சி வந்தது. முதல் விளையாட்டை முடித்த வீரர்களையே இதற்குள் கொண்டுவரலாம். ஆனால் கையில் ஒன்றுமின்றி, கும்மிருட்டில், புழுக்கள் சூழ்ந்த அறையில்தான் ஆட்டம் தொடங்கும். தேர்ந்தவர்களுக்கென்றே அமைந்த கடினமான படைப்பு அது. ‘டஞ்சன் மாஸ்டர் 2’ ஜப்பானில் 1993இலும் மேலைநாடுகளில் 1995இலும் வெளிவந்தது. அதற்குள் கணினி விளையாட்டுலகம் வெகுதூரம் நகர்ந்துவிட்டது. 1996இல் எஃப்டிஎல் மூடப்பட்டது.

அதன் வழியோ அதற்கு முன்பே பலர் கைக்குப் போயிருந்தது. 1989இல் ‘பிளட்விச்’, 1990இல் ‘கேப்டிவ்’ ஆகியவை இதே பாணியில் வந்தன. வெஸ்ட்வுட் நிறுவனம் உருவாக்கிய ‘ஐ ஆஃப் த பிஹோல்டர்’, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளை டஞ்சன் மாஸ்டரின் அமைப்புக்குள் பொருத்தியது. மேசையிலிருந்து கிளம்பிய மரபு இவ்வாறு ஒரு சுற்றுச் சுற்றித் தன் மூலத்தையே வந்தடைந்தது. ரேவன் நிறுவனத்தின் முதல் படைப்பான ‘பிளாக் கிரிப்ட்’ 1992இல் வந்தது. அதே ஆண்டில் வந்த ‘அல்டிமா அண்டர்வேர்ல்ட்’ கட்டங்களைக் கைவிட்டு, எத்திசையும் நோக்கி நகரும் முப்பரிமாண நிலவறையைத் தந்தது.

அதன்பின் கட்டங்களாலான நிலவறை வழக்கொழிந்தது என்றே எண்ணப்பட்டது. 2012இல் பின்லாந்தின் ஆல்மோஸ்ட் ஹியூமன் என்ற சிறு குழு ‘லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்’ என்ற விளையாட்டை வெளியிட்டு அந்த எண்ணத்தை மாற்றியது. நான்கு கைதிகள், ஒரே ஒரு பெரும் நிலவறை, ஓடும் நேரம், குறியீட்டெழுத்து மந்திரம் என எல்லாமே டஞ்சன் மாஸ்டரை நினைவூட்டின. வரைபடத்தை மறைத்துவிட்டு ஆட்டக்காரரே தாளில் வரைந்து ஆடும் விருப்பத்தேர்வும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது.

அழியாமல் காத்தவர்கள்

நகலெடுப்புத் தடையின் மறுபக்கத்தை இங்கே பார்க்க வேண்டும். ஃபிளாப்பி வட்டு என்பது காந்தப் பூச்சுக் கொண்ட மெல்லிய தகடு. காலப்போக்கில் பூச்சு கெடும், பதிவு மங்கும். படியெடுக்கப்படாத எதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை. எஃப்டிஎல் வட்டுகளோ படியெடுக்கவே முடியாதபடி செய்யப்பட்டவை. நிறுவனமும் மூடப்பட்டுவிட்டது. திருட்டிலிருந்து படைப்பைக் காத்த பூட்டே, பின்னாளில் அதன் ஆயுளுக்குத் தடையாக நின்றது.

இந்நிலையில் கைகொடுத்தவர்கள் ஊதியம் எதுவும் பெறாத ஆர்வலர்களே. வட்டின் காந்தப் பதிவை நுணுக்கமாக அளந்து, தடுமாறும் பிட்டுகளையும் சேர்த்துப் பதிவுசெய்யும் முறைகள் உருவாக்கப்பட்டன. சிலர் நிரலை எந்திர மொழியிலிருந்து வரிவரியாகப் பிரித்துப் படித்து, இன்றைய கணினிகளில் இயங்குமாறு மீண்டும் எழுதினர். நிலவறையின் ஒவ்வொரு கட்டமும், ஒவ்வொரு பொருளின் எடையும், ஒவ்வொரு அரக்கனின் இயல்பும் இணையத்தில் ஆவணமாக்கப்பட்டன. எஃப்டிஎல் எழுதிய விதிகளை உலகம் முழுமையாக அறிந்தது இவர்களால்தான்.

பதிப்புரிமையும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. படைத்தவரின் உரிமை மதிக்கப்பட வேண்டும். அதேவேளையில், விற்பனை நின்றுபோன பிறகு ஒரு படைப்பு யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கும் விடை வேண்டும். நூல்களுக்கு நூலகங்கள் உள்ளன. மென்பொருளுக்கு அத்தகைய ஏற்பாடு இன்னும் முழுமையாக அமையவில்லை.

முடிவுரை

குழுவாகச் செல்லும் வீரர்கள், ஓடிக்கொண்டிருக்கும் நேரம், பயன்படுத்துவதால் வளரும் திறன், பொருள்களைக் கையாண்டு அவிழ்க்கும் புதிர் ஆகியவை இன்று பல விளையாட்டுகளில் இயல்பாகக் காணப்படுகின்றன. இவற்றுள் சில டஞ்சன் மாஸ்டருக்கு முன்பே தனித்தனியாக இருந்தவை. அவற்றை ஒரே இடத்தில், ஒரே வட்டில், பொதுமக்கள் ஆடத்தக்க வடிவில் இணைத்ததுதான் அந்தச் சிறு குழுவின் பங்களிப்பு.

கணினி விளையாட்டுகளின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் படங்களின் வளர்ச்சியையே அளவுகோலாகக் கொள்கின்றனர். வண்ணங்கள் எத்தனை, வேகம் எவ்வளவு என்று கணக்கிடுகின்றனர். 16 வண்ணங்களும் 512 கிலோபைட்டும் மட்டுமே கொண்ட ஒரு கணினியில், பசி, இருட்டு, ஓசை, தோழமை, பயிற்சி ஆகிய அனைத்தையும் உணரச்செய்ய முடிந்திருக்கிறது. கருவி எவ்வளவு பெரியது என்பதைவிட, விதிகள் எவ்வளவு நேர்மையாக அமைக்கப்பட்டன என்பதைக் கேட்டுப் பார்த்தால் இந்த வரலாறு இன்னும் தெளிவாக விளங்கும்.